சோறு போட்ட இடமும் கையெழுத்துக் கேட்கும் தாளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசுசார் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்யும் இளம்பெண் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இது பதில். அவர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். சுருக்கமாக அவர் சொன்னது இதுதான். ஒரு பொருளை வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்பது அங்கே விதி. மூன்றும் தவறாமல் வருகின்றன. ஆனால் ஒரே ஆள்தான் மூன்று நிறுவனப் பெயர்களில் அனுப்புகிறார் என்பது பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பீட்டுத் தாளில் "சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிட்ட இடத்தில் இவர் கையெழுத்துப் போட வேண்டும், போட்டும் வருகிறார். "இந்த அலுவலகத்தில் நல்ல காரியங்களும் நடக்கின்றன, ஐயா. நான் போய்விட்டால் என் நாற்காலிக்கு வருகிறவன் உறுத்தலே இல்லாமல் போடுவான். வேலையை விட்டுவிடு என்கிறாள் தோழி. சோறு போட்ட இடத்துக்குத் துரோகம் நினைக்காதே என்கிறார் அப்பா. இருப்பதா, போவதா?"

முதலில் உங்கள் அப்பாவின் சொல்லை எடுத்துக்கொள்கிறேன், அம்மா. அதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. என் அப்பாவும் அதையே சொல்லி வளர்த்தவர்தான். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னையில் கப்பலேறியவர்கள். தொடக்க ஒப்பந்தத்தில் முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங், அதோடு அளந்து போட்ட அரிசியும் பருப்பும். ஆகவே கரும்புத் தோட்டத்து முதலாளி நம் பாட்டன்மாருக்கு உண்மையிலேயே சோறு போட்டவன்தான். ஆனால் அந்த அரிசி கூலிக் கணக்கில் சேர்ந்தது. தானமாக யாரும் கொட்டிக் கொடுக்கவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால், பாதுகாவலர் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் முறையிடத்தான் போகிறேன் என்றாலும், பிடித்து அடைக்கலாம் என்றிருந்த காலம் அது. அப்படிப்பட்ட இடத்தில், கூலியாக வந்த அரிசியை நன்றிக்கடனாக எண்ணிக்கொள்வது உயிர் பிழைக்கும் வழிகளில் ஒன்றாக இருந்திருக்கும். தோட்டம் போய்விட்டது, பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணனையும் கும்பகர்ணனையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மறுத்துப் பேசுகிறவர்கள் வீடணனைக் கூப்பிடுவார்கள். நான் பார்த்த அலுவலகங்களில் இந்த மூவரும் அரிது. அதிகம் தென்படுபவன் மாரீசன். இது தவறு, உன் குலமே அழியும் என்று இராவணனிடம் அவன் தெளிவாகத்தான் சொன்னான்; மறுத்தால் உன்னைக் கொல்வேன் என்றதும் மானாகிப் போனான். அவன் சொன்ன புத்திமதியால் ஒன்றும் ஆகவில்லை. மானால்தான் எல்லாம் ஆயிற்று.

உங்கள் சம்பளத்தில் இருக்கும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதையும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மேலாளர் தம் பையிலிருந்து எடுத்துத் தருவதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் குடிநீர் நிலையம் சேதமடைந்தபின் மாதக்கணக்கில் வாளியோடு லாரித் தண்ணீருக்கு நின்றார்களே, அவர்களைப் போன்றவர்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. கடன் உண்டு என்பதில் உங்கள் அப்பாவோடு எனக்கு வேறுபாடு இல்லை; யாருக்குப் பட்ட கடன் என்பதில்தான் வேறுபடுகிறேன்.

இனி என் கதை. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாயில்லை. டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில் வீட்டை இழந்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் இறக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. எங்களை அப்படிப் பெயர்த்த அதே அரசு இந்தியர்களுக்கென்று தனியாக நடத்திய கல்வித் துறையில்தான் 1973இல் ஆசிரியராகச் சேர்ந்தேன். பாடநூலில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருந்தது, வெள்ளையர் பள்ளிக்குச் செலவழித்ததில் எவ்வளவு எங்கள் பள்ளிக்கு வந்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதிலும் எவ்வளவு குறைவு என்பதெல்லாம் தெரிந்தே சேர்ந்தேன். பிள்ளைகளுக்கு யாராவது கணக்குச் சொல்லித்தர வேண்டுமே என்ற பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்றும் அந்தப் பதிலில் எனக்குக் குறை தெரியவில்லை.

1980இல் இனவாரிக் கல்வியை எதிர்த்து நாடு முழுவதும் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். எங்கள் பிள்ளைகளும் மைதானத்தில் உட்கார்ந்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள் தலைமையாசிரியர் என் மேசையில் ஒரு நீண்ட தாளை வைத்தார். நான்கு பத்திகள்: மாணவர் பெயர், வகுப்பு, தந்தையின் தொழில், "பங்கு". கடைசிப் பத்தியில் தூண்டியவர் யார், பின்தொடர்ந்தவர் யார் என்று எழுத வேண்டும். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வேண்டும் என்றார், அவ்வளவுதான், மிரட்டவில்லை. அடியில் கார்பன் தாள் வைத்து, பேனாவை அழுத்தி, பதினொரு பெயர்களை எழுதினேன். பதின்மூன்று பேர் என்று எனக்குத் தெரியும். அதிக ஆபத்தில் இருந்த இரண்டு பேரை விட்டுவிட்டேன். அந்த இரண்டு பேரைக் காப்பாற்றியதை நினைத்து அன்று மாலை எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. உள்ளே நான் இருந்ததால்தானே இது முடிந்தது, வேறொருவன் என்றால் பதின்மூன்றையும் எழுதியிருப்பான் என்று மனைவியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். மாநகராட்சியில் துப்புரவு வேலை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, தாளில் எழுதினது நீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, யாரைப் போய்ப் பார்த்தால் பெயரை எடுப்பார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பெயர் எடுக்கப்படவில்லை. அந்தப் பையன் மறுபடி பள்ளிக்கு வரவில்லை, துணித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். விட்டுவிட்ட இரண்டு பெயர்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்; அவரோ எழுதிய ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே வாரம் அதே தாள் என்னோடு வேலை செய்த ஓர் ஆசிரியைக்கும் போயிருந்தது. பத்திகளை வெறுமையாக விட்டு, கையெழுத்துக் கோட்டுக்கு மேலே ஒரு வரி எழுதித் திருப்பினார்: "வராதவர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் உள்ளன, அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை." அடுத்த பருவத்தில் அவரை வடக்கே கரும்புக்காட்டுப் பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள், தினமும் இரண்டு பேருந்து. ஓய்வு பெறும்வரை அவரும் அந்தத் துறையிலேயேதான் இருந்தார். அவர் ராஜினாமா செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ஆகவே இருப்பதா போவதா என்று யாராவது கேட்கும்போது, கேள்வி ஒரு படி தள்ளிக் கேட்கப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓர் இடத்தில் நாம் செய்யும் நூறு வேலைகளில் தொண்ணூற்றைந்து எந்த ஆட்சியிலும் தேவைப்படுபவை. மீதி ஐந்துக்குத்தான் அந்த இடத்துக்கு நம் கை வேண்டியிருக்கிறது. அந்த ஐந்தை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான் போனால் மோசமானவன் வருவான்" என்ற வாதத்துக்கு வருகிறேன். நம் சமூகம் இந்த வாதத்தை நாடறியச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1983ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி மூன்று சபை நாடாளுமன்றம் வந்தது: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45, பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுமில்லை. இந்தியர் சபைக்கு ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் என்று பெயர். அதில் நிற்கலாமா என்ற விவாதம் வீட்டுக்கு வீடு நடந்தது. நின்றவர்கள் எல்லோரையும் விலைபோனவர்கள் என்று அன்று நாங்கள் மேடையில் திட்டினோம்; சிலர் அப்படித்தான், எல்லோரும் அல்ல. உள்ளே போய் வீடு கேட்கலாம், பள்ளிக்கூடம் கேட்கலாம், கெட்ட மசோதாவுக்கு எதிராக வாக்களிக்கலாம் என்று உண்மையாகவே நம்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். 1984 ஆகஸ்ட் 28ஆம் நாள் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார்.

அந்தச் சபையின் வேலைத்திறன் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1986 ஜூனில் காவல் துறைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்கும் இரண்டு பாதுகாப்பு மசோதாக்கள் வந்தன. இந்தியர் சபையும் கலப்பினத்தார் சபையும் ஒப்புதல் தர மறுத்துவிட்டன. உள்ளே போனவர்கள் எதைச் சொல்லிப் போனார்களோ அதைச் செய்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் சபைகள் ஒத்துப்போகாவிட்டால் மசோதா குடியரசுத் தலைவர் மன்றத்துக்குப் போகும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த மன்றத்தின் 60 உறுப்பினர்களில் இந்தியர் சபை தேர்ந்தெடுப்பவர்கள் 5 பேர், வெள்ளையர் சபை 20 பேர், 25 பேரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பார். மசோதாக்கள் அதே மாதம் சட்டமாயின. வீட்டைக் கட்டும்போதே, இவர்கள் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல் எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்று யோசித்துக் கட்டியிருந்தார்கள். நல்லவர்கள் உள்ளே இருந்ததால் கிடைத்தது, மூன்று இனங்களுக்கும் நாடாளுமன்றம் இருக்கிறது பாருங்கள் என்று வெளிநாட்டில் காட்ட ஒரு படம்.

அதற்கு முந்தைய சுற்றில், அதாவது 1981இல் இந்தியருக்கென்று அரசு அமைத்திருந்த இந்தியர் கவுன்சிலுக்குத் தேர்தல் வந்தபோது, 1894இல் காந்தி தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. உள்ளே போய் உள்ளிருந்தே உடைக்கலாம் என்று வாதிட்டவர்களும் போராளிகள்தான். முடிவில் புறக்கணிப்பு வென்றது; பத்துக்கு ஒருவர் அளவில்தான் வாக்குப் பதிவாயிற்று. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது, வாக்களிக்காதீர்கள் என்று சொன்ன அதே காங்கிரஸ், ஆசிரியர்களையும் செவிலியர்களையும் பார்த்து வேலையை விடுங்கள் என்று சொல்லவில்லை. சேவை செய்வது ஒன்று, அமைப்பு நியாயமானது என்பதற்குச் சாட்சியாக நிற்பது வேறு என்ற கோட்டை அவர்கள் போட்டார்கள். நான் பெயர் எழுதிய நாளில் அந்தக் கோட்டைத் தாண்டினேன். நீங்கள் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போடும் இடமும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது.

சில வேலைகளில் கோடு இவ்வளவு தெளிவாகத் தெரியாது. 1983இல் நேட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் வளாகத்தில் சட்டப் பேராசிரியர் ரேமண்ட் வாக்ஸ் தம் தொடக்க உரையில், சட்டமே அநீதியாக இருக்கும்போது மனச்சாட்சியுள்ள நீதிபதி பதவி விலகுவதே நேர்மை என்றார். பேராசிரியர் ஜான் டூகார்ட் மறுத்தார்: அந்தச் சட்டத்துக்குள்ளும் மனித உரிமைக்கு இடமிருக்கிறது, அதைப் பயன்படுத்த ஆள் வேண்டும், நீதிபதி விலக வேண்டுமென்றால் வழக்கறிஞரும் சட்டம் கற்பிக்கும் ஆசிரியரும் விலகத்தான் வேண்டும் என்றார். இரண்டு வாதங்களையும் அன்று தட்டச்சுப் படியில் வாசித்து, வாக்ஸ் சொல்வதே சரி என்று நினைத்தேன். பிறகு 1985 டிசம்பரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இராஜத்துரோக வழக்கில் 16 பேரில் 12 பேர், நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர்கள் உட்பட, விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர் இஸ்மாயில் முகமது. இவர் ப்ளூம்ஃபொன்டைனில் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தில் வாதிடப் போனால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் இரவு தங்கக் கூடாது என்ற சட்டத்தால், மாலையில் மாகாண எல்லையைத் தாண்டிப்போய்ப் படுத்து மறுநாள் திரும்ப வேண்டியிருந்தது. அந்த மன்றத்தை அவர் விடவில்லை. இனவெறி ஆட்சி முடிந்தபின் அவரே நாட்டின் தலைமை நீதிபதியானார். ஆகவே இந்த விஷயத்தில் என் கருத்து டூகார்ட் பக்கம் சாய்ந்தது, முழுதாக அல்ல. 1997இல், இனவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நீதித்துறையைப் பற்றி விசாரித்தபோது நீதிபதிகள் நேரில் வராமல் எழுதி அனுப்பினார்கள். உள்ளே இருந்து நல்லது செய்தோம் என்பவர், என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டால் வந்து உட்கார்ந்து பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டாமா?

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: விசுவாசமாக இருந்து காட்டினால் பிறகு பேசும் உரிமை கிடைக்கும் என்பது. காந்தியே அதை நம்பினார். 1899இல் பிரிட்டனுக்கும் டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களுக்கும் போர் தொடங்கியபோது அவர் மனம் போயர்கள் பக்கம் இருந்தும், பிரிட்டிஷ் குடிமக்களுக்குரிய உரிமையைக் கேட்பவர்கள் கடமையையும் செய்ய வேண்டும் என்று 1,100 பேர் கொண்ட இந்திய மருத்துவத் துணைப்படையைக் கட்டினார். அதில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். பிரிட்டன் வென்றது. போயர்களிடமிருந்து பிடித்த டிரான்ஸ்வாலில் இந்தியர் நிலை முன்னைவிட இறுகியது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில், இந்தியரைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டத்துக்குப் பணிய மாட்டோம் என்று உறுதியெடுத்த கூட்டம் எம்பயர் தியேட்டர் என்ற கொட்டகையில் நடந்தது, பெயரைக் கவனியுங்கள்.

விசுவாசம் என்பதற்கு நான் இன்றும் காட்டும் ஆள் அகமது கத்ராடா. மண்டேலாவின் தோழர், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் கட்சிக்காரர், 26 ஆண்டுகள் சிறையில் கழித்தவர். கட்சிக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பொதுவெளியில் பேசுவதில்லை என்ற கட்டுப்பாட்டை வாழ்நாள் முழுதும் வைத்திருந்தவர். 2016இல், குடியரசுத் தலைவரின் நிகான்ட்லா வீட்டுச் செலவைப் பற்றி அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 86 வயதில் அந்தக் கட்டுப்பாட்டைத் தாமே உடைத்து, பதவி விலகுங்கள் என்று அந்தக் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவுக்குத் திறந்த மடல் எழுதினார். கட்சியை விட்டுப் போகவும் இல்லை. ஜூமா விலகவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் கத்ராடா இறந்தபோது அந்த மடலின் வரிகள் இறுதிச் சடங்கில் வாசிக்கப்பட்டன, கூட்டம் எழுந்து நின்றது. அமைப்பு எதற்காகப் பிறந்ததோ அதை நினைவில் வைத்திருப்பவனின் விசுவாசம், இப்போது அதன் சாவியை வைத்திருப்பவர்களுக்குத் துரோகம் போலத் தெரியத்தான் செய்யும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. ராஜினாமா அவசரமில்லை. கையெழுத்து நிற்க வேண்டும், அடுத்த தாளிலிருந்தே. குற்றச்சாட்டாக எதையும் எழுதாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். மூன்று விலைப்புள்ளிகளிலும் ஒரே தொலைபேசி எண் இருந்தால் அதை எழுதுங்கள். நிறுவனப் பதிவேட்டில் ஒரே இயக்குநர் பெயர் இருந்தால் அதை எழுதுங்கள். "ஆகவே இவை தனித்தனி விலைப்புள்ளிகள் என்று என்னால் சரிபார்க்க இயலவில்லை" என்று முடித்துத் தேதி போடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியரைக் காக்கும் 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டப்படி வழக்கறிஞரிடம் சொல்வதும் பாதுகாப்புக்குள் வருகிறது. அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திடமும் தலைமைத் தணிக்கையரிடமும் முறைப்படி சொல்வதும் வருகிறது. தேநீர் வேளையில் சகஊழியரிடம் சொல்வது வராது. முன்பே போட்ட கையெழுத்துகளைப் பற்றியும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கௌடெங் மாகாண சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரி பபிதா தியோகரன், டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கொடுப்பனவுகளைப் பற்றி மேலே எழுதியவர், 2021 ஆகஸ்ட் 23 அன்று பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வீட்டுவாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு பேர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். இதை வைத்துக்கொண்டு உங்களைத் துணிந்து நில்லுங்கள் என்று வீட்டில் உட்கார்ந்தபடி சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயந்து போனால் அதில் அவமானம் எதுவும் இல்லை. அப்படிப் போவதென்றால் விலகல் கடிதத்தில் "குடும்பக் காரணங்கள்" என்று எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்கள்" என்றும் வேண்டாம். காரணமே எழுதாமல் விடுங்கள், அல்லது உள்ளதை எழுதுங்கள். எப்போது போயே ஆக வேண்டும் என்றால், நீங்கள் எழுதிய குறிப்பைப் பிரித்து எடுத்துவிட்டு உங்கள் பெயரை மட்டும் கோப்பில் வைக்கிறார்கள் என்று தெரியும் நாளில். அன்று நீங்கள் அங்கே ஊழியர் இல்லை, காட்சிப்பொருள்.

1985இல் நாடெங்கும் மறுபடி பள்ளிப் புறக்கணிப்பு நடந்தது. அதே நான்கு பத்தித் தாள் மறுபடி என் மேசைக்கு வந்தது, தலைமையாசிரியர்தான் வேறு. பத்திகளை வெறுமையாக விட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்த ஆசிரியை எழுதிய வரியை ஒரு சொல் மாற்றாமல் எழுதிக் கையெழுத்திட்டு, பெட்டியில் மாற்றுச் சட்டைகள் இரண்டை எடுத்து வைக்கும்படி காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டுப் போய்க் கொடுத்தேன். அவர் வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், தாளை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகிறது, வகுப்புக்குப் போங்கள்" என்றார்.